கைலி நெய்த ஜப்பானியக் குடும்பமும் குறிஞ்சிப்பாடிச் சாயத் தொட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் ஜப்பானின் கைஹாரா டெனிம் நிறுவனத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1893ஆம் ஆண்டில் தொடங்கி இன்றுவரை ஒரு குடும்பத்தின் பொறுப்பிலேயே இருந்துவரும் நெசவுத் தொழில் எப்படி உலகம் அறிந்த ஜீன்ஸ் துணியைத் தரும் இடத்துக்கு வந்தது என்பதை விளக்கிய கட்டுரையாளர், ஒழுக்கம், உழைப்பு, மரபின் மீதுள்ள பற்று ஆகிய மூன்றையும் காரணமாகக் காட்டியிருந்தார். இவை மூன்றும் எங்கள் கடலூர் மாவட்டத்து நெசவு ஊர்களான குறிஞ்சிப்பாடியிலும் நடுவீரப்பட்டிலும் என்றைக்கும் குறைவாக இருந்ததில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத் தறியில் இறங்கி, வெயில் ஏறுமுன் தெருவில் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) நீட்டிக் கஞ்சி போட்டு முடிக்கும் வீட்டைப் பார்த்து ‘உங்களிடம் உழைப்பு போதவில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் குடும்பம் பிழைத்ததற்கும் எங்கள் தெருக்களில் தறிச் சத்தம் குறைந்துபோனதற்கும் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும் என்று கருதுகிறேன். கைலி நெய்த குடும்பத்தில் பிறந்து, கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

டெனிமுக்கு வருவதற்கு முன் கைஹாரா குடும்பத்தினர் என்ன நெய்தார்கள் என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஹிரோஷிமா மாநிலத்தின் புகுயாமா வட்டாரம் பிங்கோ கஸூரி என்னும் நீலப் பருத்தித் துணிக்குப் பெயர் பெற்றது. போச்சம்பள்ளிச் சேலையில் நாம் காண்பது போலவே, நெய்வதற்கு முன்பே நூலை இடையிடையே கட்டிச் சாயத்தில் தோய்த்து, கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும்படி செய்து, அந்த வெள்ளையைக் கணக்குத் தப்பாமல் தறியில் சேர்த்து உருவம் கொண்டுவருவதுதான் கஸூரி. கிமோனோவுக்கான துணி ஒரு முழத்தை ஒட்டிய அகலமே உடையது. போருக்குப் பின் ஜப்பானியர்கள் கிமோனோவை விட்டு மேல்நாட்டு உடைக்கு மாறியபோது அந்தக் குறுகிய துணிக்கு வாங்குவோர் குறைந்தனர். அப்போது கைஹாரா குடும்பத்தினர் கஸூரியை அகலமாக நெய்யும் வழியைக் கண்டனர். 1960களில் அந்த அகலத் துணியைக் கைலியாகத் தென் அரேபியாவின் ஏடன் துறைமுகத்துக்கு அனுப்பிவந்தனர்.

ஏடன் என்ற பெயரைப் படித்ததும் என் தகப்பனாரின் நினைவு வந்தது. எங்கள் தெருவில் நெய்த கைலிகளும் கடல் கடந்து போனவைதாம். எந்த ஊருக்கு எந்தக் கட்டம் பிடிக்கும், எந்தக் கரை போகும் என்பதை அவர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். நாங்கள் ஒருபோதும் கேள்விப்பட்டிராத ஓர் ஊரில், எங்களுக்குத் தெரியாத ஒரு குடும்பம் அதே அரபுக் கடைத்தெருவை நம்பி நீலக் கைலி நெய்துகொண்டிருந்தது என்பது எனக்குப் புதிய செய்தி.

அந்தச் சந்தை ஒரே மாதத்தில் சாய்ந்தது. 1967 நவம்பர் 18 அன்று பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. அம்மாதம் 30ஆம் தேதி ஏடன் பிரிட்டனின் பிடியிலிருந்து விடுதலை பெற்றது. பவுண்டில் விலை பேசி அனுப்பியவர்களுக்கு வர வேண்டிய பணம் சுருங்கியது. துறைமுகத்தின் வணிகமும் குலைந்தது. கைலியை நம்பியிருந்த புகுயாமாக் குடும்பம் தொழிலை மூடும் நிலைக்கு வந்து நின்றது.

கட்டுரையாளர் நீட்டி எழுதியிருக்க வேண்டிய இடம் இதுதான். சந்தை போனபின் கையில் மிஞ்சியது எது என்று அவர்கள் பார்த்தார்கள். தறி மிஞ்சியது, ஆனால் அது நெய்த துணிக்கு ஆள் இல்லை. வாடிக்கையாளர் மிஞ்சவில்லை. நீலச் சாயத்தை நூலில் ஏற்றும் அறிவு மட்டும் குறையாமல் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஜீன்ஸ் மோகம் ஜப்பானிய இளைஞர்களிடையே பரவிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஜீன்ஸும் அதே நீலத்தில் தோய்த்த பாவு நூலைக் கொண்டுதான் நெய்யப்படுகிறது. 1970இல் கைஹாரா குடும்பத்தினர் கயிற்று முறையில் சாயமேற்றும் எந்திரத்தைத் தாங்களே வடிவமைத்துக் கட்டினர். ஜப்பானில் அத்தகைய எந்திரம் அதுவே முதலாவது.

இந்த முறையைச் சற்று விளக்க அனுமதி கோருகிறேன். சாயப்பட்டறையில் நின்றவர்களுக்கு இது கதை போல இனிக்கும், மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும். நீலம் தண்ணீரில் கரையாத பொருள். காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருளும் சேர்த்து அதிலுள்ள ஆக்சிஜனின் பிடியைத் தளர்த்தினால்தான் அது கரையும்; கரைந்தபின் தொட்டியில் இருப்பது நீலம் அன்று, மஞ்சள் கலந்த பச்சை. அதில் நூலைத் தோய்த்துப் பிழிந்து காற்றில் தூக்கிக் காட்டினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை நீலமாக மாறும். ஒரு முறை தோய்த்தால் வெளிர் நீலம். ஆறு, ஏழு, எட்டு முறை தோய்த்துத் தோய்த்துக் காற்றில் காட்டினால்தான் கருநீலம். கயிற்று முறையில் முந்நூறு, நானூறு பாவு இழைகளைச் சேர்த்து ஒரு கயிறாக்கி, அத்தகைய கயிறுகள் பலவற்றை அருகருகே ஓடவிட்டு, தொட்டியில் இறக்கியும் உயரத்தில் உருளைகள் மீது காற்றாட ஏற்றியும் இதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நீலம் இழையின் நடுவரை போகாமல் மேற்புறத்திலேயே தங்குவதால் உள்ளே வெள்ளை நிற்கிறது. உடுத்தித் துவைக்கத் துவைக்க அந்த வெள்ளை வெளியே எட்டிப் பார்ப்பதுதான் ஜீன்ஸுக்கு விலை ஏற்றும் அழகு.

என் சித்தப்பா சாயக்காரர். தொட்டியின் மேலே செம்பு நிற ஆடை படிந்திருக்கிறதா, அதை விலக்கினால் கீழே தெரியும் பச்சை தெளிவாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்று பார்த்தே ‘இன்னும் ஒரு கை ஹைட்ரோஸ் போடு’ என்பார். கஸூரிக்குச் சாயமேற்றிய ஜப்பானியப் பெரியவர்களும் அப்படித்தான் கண்ணால் அளந்திருப்பார்கள். வேறுபாடு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அங்கே அந்தக் கண்ணளவை எந்திரத்தின் வேகமாகவும், தொட்டியின் ஆழமாகவும், காற்றில் நிற்கும் நேரமாகவும் குடும்பத்தார் மாற்றி எழுதினார்கள். இங்கே சித்தப்பா காலமானதும் அது அவரோடு போயிற்று. சங்கத்தில் கணக்கு எழுதிய நானே அவரிடம் ஒருநாள் உட்கார்ந்து அதை எழுதி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

கைஹாரா நிறுவனம் வளர்ந்த வரிசையைக் கவனியுங்கள். 1970இல் சாயம். 1973இல் ஜப்பானின் குராபோ ஆலை நெய்த கே.டி.-8 என்ற டெனிமுக்குப் பாவு நூலில் நீலம் ஏற்றித் தந்தவர்கள் இவர்கள். அதே ஆண்டில் அமெரிக்க ஜீன்ஸ் நிறுவனமான லீவைஸும் இவர்களிடம் வந்தது. டெனிமைத் தாங்களே நெய்யத் தொடங்கியது 1978இல்தான். நூல் நூற்கத் தொடங்கியது 1991இல். அதாவது சாயம் மட்டுமே ஏற்றி அடுத்தவர் தறிக்கு நூல் தந்தே எட்டு ஆண்டுகள் காலூன்றியிருக்கிறார்கள். அதன்பின் முன்னும் பின்னும் உள்ள வேலைகளை ஒவ்வொன்றாகத் தம் கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். இன்று ஜப்பானில் உற்பத்தியாகும் டெனிமில் ஏறக்குறைய பாதி இவர்களுடையது என்று சொல்லப்படுகிறது. யூனிக்லோ போன்ற கடைகளில் தொங்கும் ஜீன்ஸுக்கும் இவர்களே துணி தருகிறார்கள். கால்சட்டை தைத்து விற்கும் ஆசைக்கு இடம் கொடுக்காமல் துணியோடு நிற்கிறார்கள் என்பதும் எனக்குப் பிடித்த செய்தி.

நம் பக்கத்தில் நெசவாளர் நலன் என்று பேச்செடுத்தால் அது தறியைச் சுற்றியே வருகிறது. தறிக்கு மானியம், தறிக்கூடம், புதிய அச்சு, டிசைன் பயிற்சி, ஆகஸ்டு 7 அன்று கைத்தறி தினச் சால்வை. இவை வேண்டாம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். கைலி உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிய சட்டம் இருந்தும் விசைத்தறிக் கைலி சந்தையை நிரப்பிவிட்ட பிறகு, அதே கைலியை இன்னும் நல்ல தறியில் நெய்வதால் மட்டும் கூலி உயர்ந்துவிடாது என்பதுதான் என் கவலை. நூலுக்கு நிறம் ஏறும் இடத்தை, அதாவது துணியின் விலையையும் பெயரையும் தீர்மானிக்கும் இடத்தை, யாரும் கேட்பதில்லை.

இதற்கு என் வாழ்விலிருந்தே ஒரு சான்று. 1990களின் நடுவில் ஓர் ஆண்டு எங்கள் சங்கத்திலிருந்து ஏற்றுமதியாளர் ஒருவருக்குப் போன கைலிக் கட்டுகள் பெரும்பாலும் திரும்பி வந்தன. ஒரு துவையலிலேயே அடர்சிவப்பு கசிந்து வெள்ளைக் கட்டத்தில் இறங்கிவிட்டது. நூல் சரியில்லை என்றார் சாயக்காரர். சாயம் சரியில்லை என்றார் நூல் தந்தவர். நெசவாளிக்குக் கூலியில் பிடித்தம் செய்தார்கள், ஏனென்றால் வாய் திறக்காதவர் அவர் ஒருவர்தான். அந்தப் பிடித்தத்தைப் பேரேட்டில் எழுதிய கை என்னுடையது. பல மாதங்கள் கழித்து, கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த நண்பர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது பட்டறைத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். அந்தக் கோடையில் பழைய கிணறு வற்றியதால் புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்று நீரில் வேலை செய்திருந்தார்கள். அது கடுமையான உப்புநீர். அந்த நீரிலிருந்த சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்த சாயம் இழைக்குள் போகாமல் மேலே படிந்து நின்றிருக்கிறது. நூலும் குற்றமில்லை, சாயக்காரரும் குற்றமில்லை. சோதித்துச் சொல்ல ஒரு மேசையும் நான்கு கண்ணாடிக் குழாய்களும் இருந்திருந்தால் அந்தக் கட்டுகள் ஊரை விட்டே போயிருக்காது.

கசியும் சாயத்தையே விற்றுக் காட்டிய கதையும் நம்மவருக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரில் சென்னைக் கட்டம் போட்ட துணி, துவைக்கத் துவைக்க நிறம் கலந்து மாறுவதே சிறப்பு என்று விளம்பரப்படுத்தப்பட்டு மோகத்தோடு வாங்கப்பட்டது. டெனிமின் வெளிறலும் அதற்கு உறவுதான். ஆனால் டெனிம் எத்தனையாவது துவையலில் எவ்வளவு வெளிற வேண்டும் என்பது தொட்டியிலேயே தீர்மானிக்கப்படுகிறது. நமக்கு அது விளம்பரக்காரர் தயவில் தப்பித்த விபத்து.

நீலத்தில் நாம் ஜப்பானுக்குப் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதைச் சொல்லாமல் விட்டால் தென்னார்க்காடு என்னை மன்னிக்காது. புதுச்சேரியில் நீலம் தோய்த்த ‘கினே’ துணி பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குச் சென்று, அங்கே கருவேலம்பிசின் வாங்குவதற்கு நாணயம் போலவே கைமாறியது. அந்த நீலத்துக்கான அவுரிச் செடி பழைய தென்னார்க்காடு மாவட்டத்து வயல்களில் விளைந்தது. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிரிடுகிறார்கள். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் அவுரித் தொட்டிகள் ஓய்ந்தன. ஜப்பானியரோடு நமக்கு இருந்த துணி உறவும் பழையது: டச்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோன கோடு போட்ட பருத்தித் துணியை அவர்கள் ‘சான்டோமே’ என்று அழைத்தார்கள். அது நம் மயிலாப்பூரின் சாந்தோம்தான்.

இந்தப் பெருமையைக் கேட்டதும் சிலர் உடனே ‘இயற்கைச் சாயத்துக்குத் திரும்புவோம்’ என்பார்கள். அவுரித் துணிக்கு விலை கொடுப்போர் இருக்கிறார்கள், நெய்யலாம். ஆயினும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரிய அது போதாது. கைஹாரா குடும்பத்தினர் எந்திரத்தில் ஓடவிட்டது செயற்கை நீலம்தான். மரபு என்று அவர்கள் காப்பாற்றியது செடியை அன்று. நீலம் இழையில் எப்படி ஏறுகிறது என்ற அறிவை.

சாயப்பட்டறை என்ற சொல்லைக் கேட்டாலே கடலூர்க்காரர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையின் புகையையும் கழிவையும் கண்டு வளர்ந்த ஊர் இது. நொய்யல் ஆறு சாயக் கழிவால் கெட்டதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவர்கள் நாம். அந்த அச்சத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். டெனிம் தண்ணீரை அள்ளிக் குடிக்கும் தொழில்தான். ஆனால் ஜப்பானின் செத்தோ உள்கடல் ஆலைக் கழிவால் சிவந்து மீன் செத்து மிதந்த காலத்தில்தான், 1973இல், அந்தக் கடலுக்கென்றே தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். புகுயாமா அக்கடலின் கரையில் உள்ள ஊர். அதாவது லீவைஸ் வாசலுக்கு வந்த ஆண்டும் கழிவுநீர்க் கட்டுப்பாடு கழுத்தைப் பிடித்த ஆண்டும் ஒன்றே. இரண்டையும் சேர்த்துத் தாங்கிய தொழில்தான் இன்று நாம் வியந்து படிக்கும் தொழில். நம் ஊரிலோ பட்டறைகளைப் பெரும்பாலும் மூடிவிட்டு, சாயமேற்றிய நூலை வெளி மாவட்டத்திலிருந்து வாங்குகிறோம். கழிவு இங்கே இல்லை என்பது உண்மை, அந்த நூலின் மீது வரும் இலாபமும் இங்கே இல்லை.

என் வேண்டுகோள் பெரியதன்று. குறிஞ்சிப்பாடியை நடுவாக வைத்துச் சுற்றுவட்டாரச் சங்கங்கள் அனைத்துக்கும் ஒரே ஒரு பொதுச் சாயப்பட்டறை வேண்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்து மீண்டும் தொட்டிக்கே அனுப்பும் அமைப்பு முதலில் கட்டப்பட்டு, அது ஓடுகிறது என்று ஊரார் கண்ணால் பார்த்த பிறகே முதல் சிட்டம் நூல் தொட்டியில் இறங்க வேண்டும். பட்டறையோடு சேர்ந்து தண்ணீரையும் சாயத்தின் உறுதியையும் சோதிக்கும் சிறு கூடம் ஒன்று இருக்க வேண்டும். மாவட்டத்திலுள்ள கல்லூரிகளின் வேதியியல் மாணவர்களுக்கு அங்கே வேலையும் பயிற்சியும் கிடைக்கும். கைலியோடு நிற்காமல், நிறமேற்றிய நூலையே ஒரு சரக்காக விற்கச் சங்கங்களுக்கு இடம் தர வேண்டும். எட்டு ஆண்டுகள் அந்த ஜப்பானியக் குடும்பம் செய்தது அதைத்தான். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வயதான சாயக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, எந்த நிறத்துக்கு எத்தனை பலம் எடைச் சாயம், எந்தச் சூடு, எத்தனை முக்கு என்று எழுதி வாங்கிவிட வேண்டும். இதற்கு மானியம்கூடத் தேவையில்லை. ஒரு நோட்டும், பொறுமையுள்ள ஒரு பிள்ளையும் போதும்.

புதுச்சேரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆகிய மூன்று பஞ்சாலைகளும் மூடப்பட்டுவிட்டன. எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையான தொழிலாளர்களின் நினைவு மட்டும் ஆண்டுதோறும் அனுசரிக்கப்படுகிறது. அந்த ஆலைகளின் சாயப் பிரிவுகளில் வேலை பார்த்தவர்கள் இன்றும் அரும்பார்த்தபுரம், முதலியார்பேட்டைப் பக்கம் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் சொன்ன நோட்டை அங்கிருந்தே தொடங்கலாம்.

தங்கள் நாளிதழ் ஜப்பானைப் பற்றி எழுதியதைப் போலவே எங்கள் சாயத் தெருவைப் பற்றியும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். எஞ்சியிருக்கும் ஓரிரு பட்டறைகளில் வாரத்தில் இரண்டு நாள்தான் தொட்டி போடுகிறார்கள். செய்தியாளரை அனுப்புவதாக இருந்தால் முன்னதாகச் சொல்லியனுப்பி, காலை ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் வந்தால் காயப்போட்ட நூலைத்தான் பார்க்க முடியும். பச்சை நீலமாக மாறுவதைப் பார்க்க முடியாது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கைத்தறிச் சங்க எழுத்தர்,
குறிஞ்சிப்பாடி,
கடலூர் மாவட்டம்.